போரில் மடிந்த தாத்தாவைத் தேடுவது எப்படி: இரண்டாம் உலகப் போரில் இறந்த தமிழ்ச் சிப்பாய்களின் குடும்பங்களுக்கு

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் பணியாற்றினார்கள். அவர்களில் 87,000-க்கும் மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை. சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களில் துப்பாக்கி ஏந்தியவர்கள் இருந்தார்கள். பாலம் கட்டியவர்கள், கண்ணிவெடி அகற்றியவர்கள், லாரி ஓட்டியவர்கள், காயம்பட்டவர்களைச் சுமந்தவர்கள், சமையல் செய்தவர்கள் என்று பலரும் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஒருவருடைய பேரப்பிள்ளைகளிடம் இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம்தான்: "தாத்தா பட்டாளத்துக்குப் போனார், அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார்." அந்த 'அங்கே' எந்த இடம், எந்த நாள், எந்தப் படைப்பிரிவு என்ற மூன்றையும் கண்டுபிடிக்கும் வழியை, என் தாத்தாவைத் தேடிய அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

தேடலை வீட்டிலிருந்து தொடங்குங்கள்

இணையத்தைத் திறப்பதற்கு முன் வீட்டிலும் உறவிலும் மூத்தவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஆவணங்கள் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும். எண்பது வயதுக்காரரின் நினைவு காத்திருக்காது. ஒரு நோட்டில் அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே, அவர்களுடைய உச்சரிப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தைக் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் 'சொன்னது', மறுபக்கம் 'காகிதத்தில் கண்டது' என்று வைத்துக்கொள்வது நல்லது. இந்த இரண்டும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

உச்சரிப்பை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், என் பாட்டி கடைசிவரை "இம்பாலம்" என்றுதான் சொன்னார். ஏதோ கோயில் ஊரின் பெயர்போல அது காதில் விழுந்ததால், வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பாட்டி காலமாகிப் பல ஆண்டுகள் கழித்துத்தான், 1944-இல் ஜப்பானியப் படை முற்றுகையிட்ட மணிப்பூரின் இம்பால் அது என்று எனக்கு உறைத்தது. தாத்தா பர்மாவில் இறந்தார் என்றே எங்கள் குடும்பம் அதுவரை நம்பியிருந்தது. கிழக்குப் போர்முனை முழுவதையும் 'பர்மா சண்டை' என்ற ஒரே பெயரால் சொல்லும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அதில் அசாமும் மணிப்பூரும் நாகர் மலைகளும் அடங்கிவிடும்.

பெரியவர்கள் ஆங்கிலத் தேதி சொல்ல மாட்டார்கள். தமிழ் வருடமும் மாதமும் சொல்வார்கள். அதை உயர்வான சான்றாகக் கொள்ளுங்கள். விஷு வருடம் மாசி மாதம் என்றால் அது 1942 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரையிலான காலம். சிங்கப்பூர் வீழ்ந்த பிப்ரவரி 15-ஆம் தேதியும், ரங்கூன் கைவிட்டுப்போன மார்ச் 8-ஆம் தேதியும் அதற்குள்தான் வருகின்றன. தாரண வருடம் என்றால் 1944 ஏப்ரல் நடுவில் தொடங்கிய ஆண்டு. "உங்கம்மா கைக்குழந்தை", "பெரியவனுக்குக் காது குத்தின வருஷம்" என்பவையும் கணக்கிடத் தகுந்த தேதிகளே. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குடும்பம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் தந்தி வந்த நாளைத்தான். சாவுக்கும் தந்திக்கும் இடையே வாரங்களோ மாதங்களோ ஓடியிருக்கலாம்.

டிரங்குப் பெட்டியும் பதக்கமும்

அடுத்து, பழைய டிரங்குப் பெட்டி, சாமிப்பட நிலையின் பின்புறம், பத்திரக் கட்டுகள் ஆகியவற்றைப் பாருங்கள். தந்தி, இறப்பு அறிவிப்புக் கடிதம், குடும்ப ஓய்வூதியப் புத்தகம், மணியார்டர் ரசீது, சீருடையுடன் எடுத்த புகைப்படம் ஆகிய எதுவானாலும் அதில் முதலில் தேட வேண்டியது எண்ணைத்தான். படைவீரர் எண்ணும் படைப்பிரிவும் கிடைத்துவிட்டால் பாதித் தேடல் முடிந்தது. அந்தக் காலத்தில் எண்கள் ஒவ்வொரு ரெஜிமெண்டாலும் தனித்தனியாக வழங்கப்பட்டவை என்பதால், எண் மட்டும் போதாது. எண்ணையும் படைப்பிரிவையும் சேர்த்தே எழுதிவையுங்கள். ஓய்வூதியத் தாளில் உள்ள ஓய்வூதிய ஆணை எண்ணும் பிற்பாடு கைகொடுக்கும்.

பதக்கம் இருந்தால் அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வட்டமான பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை மெல்லிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கக்கூடும். ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மெதுவாகச் சுழற்றினால், நேர்ப்பார்வைக்குத் தெரியாத எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். ஆறு முனை கொண்ட நட்சத்திரப் பதக்கம் என்றால் அதன் நடுவட்டத்தில் எழுதியிருப்பதே போர்முனையைச் சொல்லிவிடும். பர்மா ஸ்டார் என்றால் பர்மாவோடு அசாம், வங்காளப் பகுதிகளும் அடங்கும். ஆப்பிரிக்கா ஸ்டார் வட ஆப்பிரிக்காவுக்கும் எரித்திரியா, அபிசீனியச் சண்டைகளுக்கும் உரியது. இத்தாலி ஸ்டார் 1943 ஜூனுக்குப் பின் நடந்த இத்தாலியப் போருக்கு. பசிபிக் ஸ்டார் மலாயா, சிங்கப்பூர், ஹாங்காங் சண்டைகளுக்கும் வழங்கப்பட்டது. பதக்கம் தொலைந்து ரிப்பன் மட்டும் மிஞ்சியிருந்தாலும் பயனுண்டு. அடர்நீலத்தின் நடுவே அகலமான சிவப்புப் பட்டையும் இருபுறமும் ஆரஞ்சுக் கோடும் இருந்தால் அது பர்மா ஸ்டாரின் ரிப்பன்.

பெயர்ப் பட்டியலில் தேடுவது

போரில் இறந்த காமன்வெல்த் நாட்டுப் படைவீரர்களின் கல்லறைகளையும் நினைவுச் சின்னங்களையும் பராமரிக்கும் அமைப்பு காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். 1917-இல் நிறுவப்பட்டது, இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பெயர்கள் அதன் பொறுப்பில் உள்ளன. இரண்டாம் உலகப் போரைப் பொறுத்தவரை, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களை அது சேர்த்துக்கொள்கிறது. எனவே போர் முடிந்த பிறகு, காயத்தாலோ நோயாலோ பணியில் இருந்தபடி இறந்தவரும் அந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்புண்டு. அதன் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றித் தேடலாம்.

தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் தோற்றுத் திரும்பும் இடம் இதுதான். நம் பெயர்களை, நம் மொழி அறியாத எழுத்தர் ஒருவர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். 'முத்துசாமி' என்ற ஒரே பெயரை, 'டி'க்குப் பின் 'எச்' போட்டும் போடாமலும், 'டி'யை இரட்டித்தும், 'சாமி'யை 'ஸ்வாமி' ஆக்கியும், கடைசி எழுத்தை 'ஐ' ஆகவோ 'ஒய்' ஆகவோ வைத்தும் எழுதலாம். 'பழனி'யின் 'ழ'கரத்துக்கு 'எல்' போட்டிருப்பார்கள். இன்று நாம் போடும் 'இசட்-எச்' அங்கே அநேகமாக இராது. உங்கள் தாத்தாவின் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையையும் முதலில் காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றாகத் தேடி, தேடியதை அடித்துக்கொண்டே வாருங்கள். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது என்பதால், ஒற்றைப் பெயர்க்காரரின் பெயர் குடும்பப் பெயருக்கான இடத்தில்தான் இருக்கும். இரண்டு பகுதியுள்ள பெயரென்றால் எது எங்கே போயிருக்கும் என்று சொல்ல இயலாது. இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

பெயரால் கிடைக்கவில்லை என்றால் பெயரையே விட்டுவிடுங்கள். அந்தத் தேடுபக்கத்தில் 'கூடுதல் விவரம்' என்றொரு கட்டம் உண்டு. பல பதிவுகளில் "இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர்" என்ற வரி இருக்கும். அந்தக் கட்டத்தில் கிராமத்தின் பெயரையோ, கொள்ளுத்தாத்தாவின் பெயரையோ, பாட்டியின் பெயரையோ இட்டுத் தேடலாம். ஊர்ப் பெயரையும் அன்றைய ஆங்கில வழக்கில்தான் தேட வேண்டும்: தஞ்சாவூர் அங்கே டாஞ்சூர், திருச்சி டிரிச்சினாப்பொலி, திருநெல்வேலி டின்னவெல்லி, இராமநாதபுரம் ராம்நாட், செங்கல்பட்டு சிங்கிள்புட். இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகள் அன்று வட ஆற்காடு மாவட்டம். நான் தாத்தாவைக் கண்டுபிடித்தது அவர் பெயரால் அன்று. கூடுதல் விவரத்தில் பாட்டியின் பெயரை நான்காவது விதமாக எழுதித் தேடியபோதுதான் அந்தப் பதிவு திரையில் வந்தது. தாத்தாவின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது, பாட்டியின் பெயர் சரியாக இருந்தது.

கிடைத்த பதிவை எப்படிப் படிப்பது

பெயர் எந்தக் கல்லறையில் அல்லது எந்த நினைவுச் சின்னத்தில் இருக்கிறது என்பதே முதல் தடயம். யாங்கோனுக்கு வடக்கே தாவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில், பர்மாப் போர்முனைகளில் இறந்து கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் உள்ளன. சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள சின்னத்தில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். இந்து, சீக்கிய வீரர்களை அவரவர் முறைப்படி எரியூட்டினார்கள். அவர்களுக்குக் கல்லறை இராது, அவர்களுக்கென்று எழுப்பிய எரியூட்டு நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கும். இம்பாலில் 868 பெயர்களும் கோஹிமாவில் 917 பெயர்களும் அப்படி உள்ளன. தாத்தா கிறித்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்து, அடக்கம் செய்த இடமும் தெரிந்திருந்தால் கல்லறையே இருக்கக்கூடும். போர்முனைக்கு வெளியே இறந்தவர்களின் பெயர்களைப் பெரும்பாலும் தில்லியிலும் கராச்சியிலும் உள்ள 1939-45 போர் நினைவுச் சின்னங்களின் பட்டியலில் காணலாம்.

பதிவில் இறந்த தேதி இருக்கும். ஆனால் எப்படி இறந்தார் என்பது பொதுவாக இராது. குண்டடிபட்டு இறந்தவரும் மலேரியாவில் இறந்தவரும் அங்கே ஒரே மாதிரிதான் எழுதப்பட்டிருப்பார்கள். அதனால் அந்தப் பதிவை மட்டும் வைத்து, சண்டையில் விழுந்தார் என்று முடிவுகட்ட வேண்டாம். தேதியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப இயலாது; காணாமற்போனவர்களுக்கு, அவர்களுடைய படை சரணடைந்த நாளோ, கடைசியாக உயிரோடு பார்க்கப்பட்ட நாளோ சாவு நாளாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். 1942 பிப்ரவரி 15 என்று கண்டால் இதை நினைவில் வையுங்கள்.

ஆவண அலுவலகத்துக்குக் கடிதம்

இந்தியப் படையின் சாதாரணச் சிப்பாய்களுடைய பணிப்பதிவுகள் லண்டனுக்குப் போகவில்லை; அந்தந்த ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்திலேயே இருந்தன. அதிகாரிகளின் பதிவுகள்தாம் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பிரிவில் உள்ளன. தாத்தா பாலம் கட்டும், கண்ணிவெடி அகற்றும் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸில் இருந்தவர் என்றால், இன்று மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்ற பெயரில் பெங்களூரில் இயங்கும் மையத்தின் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். 1941-இல் மீண்டும் எழுப்பப்பட்ட மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் அதன் மையம் நீலகிரியில் உள்ள வெலிங்டன். ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், பயனியர் கோர், மருத்துவப் படை ஆகியவற்றுக்கும் இன்றைய இந்தியப் படையில் வாரிசுப் பிரிவுகள் உண்டு. எந்த அலுவலகம் என்று புரியாவிட்டால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் முகவரி சொல்வார்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எண், பதவி, பெயர், படைப்பிரிவு, தந்தை பெயர், கிராமம், அன்றைய தாலுகா, மாவட்டம், இறந்த தேதி ஆகியவற்றை முதலில் வரிசையாக எழுதி, அதன் கீழ் உங்களுக்கு வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள்: படையில் சேர்ந்த தேதி, பணியாற்றிய கம்பெனி, இறந்த காரணம், இறந்த இடம், வாரிசாகப் பதிவான பெயர். கல்லறை ஆணையப் பதிவின் நகலையும், நீங்கள் பேரன் அல்லது பேத்தி என்பதற்கான சான்றையும் இணைக்க மறக்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனாலும் முதலில் ஒரு சாதாரணக் கடிதம் எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. அந்த மேசையில் இருப்பவரும் பட்டாளத்துக்காரராக இருப்பார். சட்டப் பிரிவைச் சுட்டிக் கேட்பதைவிட, "என் தாத்தா உங்கள் ரெஜிமெண்டில் இருந்து மடிந்தவர்" என்று கேட்பதற்கு அவர் கூடுதலாக அலமாரியைத் துழாவுவார். பழைய ஏடு இல்லை என்று பதில் வந்தாலும் அந்தக் கடிதத்தைக் கோப்பில் வையுங்கள்.

போர்நாட்குறிப்பு

எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்த ஆவணம் இதுதான். போர்முனையில் இருந்த ஒவ்வொரு பட்டாலியனும், சாப்பர்ஸின் ஒவ்வொரு ஃபீல்டு கம்பெனியும், அன்றாடம் நடந்ததை நாட்குறிப்பாக எழுதி மாதந்தோறும் மேலே அனுப்பின. அச்சிட்ட படிவம், இடம், தேதி, மணி, நிகழ்ச்சிச் சுருக்கம் என்று கட்டங்கள். தென்கிழக்கு ஆசியப் போர்முனையின் குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் உள்ளன (டபிள்யூ.ஓ. என்பது வார் ஆபீஸ், அன்றைய பிரிட்டிஷ் போர்த்துறை). மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்காவுக்கு டபிள்யூ.ஓ. 169, இத்தாலிக்கு டபிள்யூ.ஓ. 170. அட்டவணையை இணையத்தில் பார்க்கலாம். கோப்பைக் கட்டணம் கட்டி நகலெடுத்து வரவழைக்கலாம். அங்கே நேரில் போகும் உறவினர் இருந்தால், வாசிப்பறையில் தாமே படமெடுத்துக்கொள்ளக் கட்டணமில்லை. புதுதில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவிலும் போர்க்காலக் கோப்புகள் உள்ளன.

ஒரு முன்னெச்சரிக்கை: அதில் உங்கள் தாத்தாவின் பெயர் அநேகமாக இராது. அதிகாரிகள் இறந்தால் பெயர் எழுதுவார்கள். சிப்பாய்கள் இறந்தால் எண்ணிக்கைதான். 'ஐ.ஓ.ஆர்.' என்ற மூன்றெழுத்து, இந்திய அதர் ரேங்க்ஸ், அதாவது சாதாரண இந்தியப் படைவீரர் என்பதைக் குறிக்கும். என் தாத்தா இறந்த தேதிக்கு நேரே, சாலையில் விழுந்த மரத்தடைகளை அகற்றியது பற்றி ஒரு வரியும், எறிகணை விழுந்ததில் ஐ.ஓ.ஆர். ஒருவர் இறந்தார், மூவர் காயம் என்று ஒரு வரியும் இருந்தன. அன்று அந்தக் கம்பெனியில் இறந்தவர் ஒருவரே என்பதாலும், கல்லறை ஆணையப் பட்டியலில் அந்தத் தேதியில் அந்தப் பிரிவிலிருந்து அந்தச் சின்னத்தில் இருப்பது ஒரே பெயர் என்பதாலும், அந்த 'ஒருவர்' யார் என்று உறுதி செய்ய முடிந்தது. இந்தச் சரிபார்ப்பை நீங்களும் தவறாமல் செய்யுங்கள். ஒரே நாளில் பலர் இறந்திருந்தால், அவர்களில் ஒருவர் என்று சொல்லலாமே தவிர அதற்கு மேல் சொல்ல இயலாது.

இறந்த நாளோடு நிறுத்தாமல் முந்தைய இரண்டு மாதங்களையும் படியுங்கள். எங்கிருந்து எங்கே நடந்தார்கள், எப்போது மழை பிடித்தது, எப்போது தபால் வந்தது என்பதெல்லாம் அதில் கிடைக்கும். இடத்தை எழுத்தும் எண்ணும் சேர்ந்த வரைபடக் குறியாகக் கொடுத்திருப்பார்கள். அதே காலத்து சர்வே வரைபடத்தோடு பொருத்தினால் மலைமுகடு வரை இடம் தெரியும்.

வீரச்செயலுக்காக விருது பெற்றவர் என்று குடும்பத்தில் பேச்சிருந்தால் டபிள்யூ.ஓ. 373 வரிசையில் விருதுப் பரிந்துரைகளைத் தேடுங்கள்; பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோவில், வெடிக்கவிருந்த கண்ணியின்மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி உயிர்நீத்த மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்பிரமணியனுக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்ட செய்தி அப்படித்தான் பதிவாகியுள்ளது.

எங்கும் பெயர் இல்லை என்றால்

தில்லியின் இந்தியா கேட்டில் தேடிக் கிடைக்கவில்லை என்று வருந்துகிறவர்கள் உண்டு. அதில் உள்ளவை முதல் உலகப் போரிலும் 1919 ஆப்கான் போரிலும் இறந்தவர்களின் பெயர்கள். 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகம் சுதந்திரத்துக்குப் பின் மடிந்தவர்களுக்கானது. இரண்டிலும் உங்கள் தாத்தா இருக்க மாட்டார்.

மலாயாவிலோ சிங்கப்பூரிலோ பிடிபட்டவர் என்றால் பாதை பிரிகிறது. அங்கே சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள்; சேராத பலர் நியூ கினி போன்ற தொலைவான தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே இறந்தார்கள். தேசிய ராணுவம் தொடர்பான கோப்புகளை இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். ஜப்பானியர் போர்க்காலத்தில் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையில் இறந்த தமிழர்களோ பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்கள். குடும்பக் கதையில் அவரும் 'பட்டாளத்துக்குப் போனவர்' ஆகிவிட்டிருக்கலாம். படைவீரர் பட்டியல்களில் அவர் இல்லை என்பதால் அவர் சாவு பொய்யாகிவிடாது, தேட வேண்டிய இடம்தான் வேறு.

பட்டியல்களில் விடுபட்டவர்களும் உண்டு. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயர் பொறிக்கப்படாமலோ நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்று கல்லறைகள் ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. உங்களிடம் தந்தியோ ஓய்வூதியத் தாளோ இருந்தால், பெயரைச் சேர்க்கக் கோரி ஆணையத்துக்கு விண்ணப்பிக்கலாம். பெயர் இருந்து விவரம் தவறாக இருந்தாலும், தந்தை பெயரும் ஊரும் இல்லாமல் இருந்தாலும், சான்றோடு எழுதித் திருத்தம் கேட்கலாம்.

தேதி உறுதியானதும் ஒரு வேலை மீதமிருக்கும். நாள் தெரியாததால் எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு ஆடி அமாவாசையில்தான் எள்ளும் தண்ணீரும் இறைத்து வந்தார்கள். தந்தி வந்ததும் ஒரு ஆடி மாதத்தில்தான். ஆங்கிலத் தேதியை அப்படியே வைத்துக்கொள்ளாமல், அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தில் மாதம், பட்சம், திதி மூன்றையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். சாவு நேரம் நாட்குறிப்பில் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் திதி நடுப்பகலிலும் மாறும். எங்களுக்குக் கிடைத்தது தாரண வருடம் வைகாசி. அம்மா அந்தத் திதியைச் சமையலறை நாட்காட்டியில் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் 'அப்பா' என்று எழுதினார்.